மங்களம் பாடாத பங்குனி

பிசான அறுவடை முடிந்து வைக்கோலெல்லாம் படப்பில் ஏறி, வேப்பமரங்கள் தெருவெல்லாம் பூவை உதிர்த்து, பொதிகை மலையிலிருந்து புறப்படும் தென்றல் வேறு எந்த ஊருக்கும் போவதற்கு முன்னால் எங்கள் ஊரில் இறங்கி முகம் கழுவிவிட்டுப் போகிற பங்குனி மாதத்தில், சிற்றாற்றூர் சங்கீத சபாவின் வசந்த விழாவுக்கு வந்த உலகம்மாள் என்கிற பாட்டு டீச்சர், மத்தியானக் கச்சேரியில் பாதி பாடி, குரலை மேடையிலேயே விட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போனார்.

தப்பு அவர் பேரில் இல்லை. எங்கள் பேரில்தான், அதுவும் ஊர் மொத்தத்தின் பேரில்.

எங்கள் சபா முன்பு நெல் அரவை மில்லாக இருந்த கட்டடம். தகரக் கூரை, உயரமான சன்னல்கள், மழை பெய்தால் சுவரிலிருந்து இன்றைக்கும் தவிட்டு மணம் வரும். செயலாளர் குற்றாலநாதன் அண்ணாச்சிக்கு பஜாரில் பாத்திரக்கடை. பித்தளைக் குடத்தை ஒரு சுண்டு சுண்டி எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிடுகிற காது அவருக்கு. அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் சபாவையும் நடத்தி வந்தார். மேடைத் திரையின் கயிறு வேறு யார் கைக்கும் போனதில்லை. பங்குனி பூராவும் கச்சேரி நடக்கும், மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மத்தியானக் கச்சேரி பேர் தெரியாதவர்களுக்கு, சாயங்காலக் கச்சேரி சுவரொட்டியில் படம் போடுகிற அளவுக்குப் பெரியவர்களுக்கு. இரண்டுக்கும் நாங்கள் ஒன்றுபோலப் போவோம், ஒன்றுபோலத் தலையாட்டுவோம்.

ராகங்களில் எங்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது ஒன்றே ஒன்று, மத்தியமாவதி. கச்சேரி முடியப் போகிறது, இதுவரை பாடியதில் பிசகு ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வதைப்போலக் கடைசியில் பாடுகிற ராகம் அது, அதற்கப்புறம் மங்களம், அதற்கப்புறம் கேன்டீன். ஆகவே மத்தியமாவதியின் முதல் இழுப்பு காதில் விழுந்தவுடன் ஆண்கள் துண்டை உதறித் தோளில் போடுவார்கள், பெண்கள் பிள்ளைகளை எழுப்புவார்கள், எல்லாருடைய கால்களும் இருட்டில் செருப்பைத் துழாவும், பின்கட்டில் கேன்டீன் பிரமநாயகம் வாழைப்பூ வடையை எண்ணெயில் போட்டுவிடுவார், மங்களத்தை நாங்கள் வாசல் பக்கமாக நகர்ந்துகொண்டே கேட்டு முடிப்போம், நாற்காலிகள் இழுபடும் சத்தத்தைக் கேட்டு அண்ணாச்சி கயிற்றைத் தளர்த்துவார். சபா தொடங்கிய காலத்திலிருந்து இதில் ஒரு நாளும் கோளாறு வந்ததில்லை.

விழாவின் முதல் நாளான அன்றைக்கு உலகம்மாள் டீச்சர் வர்ணம் பாடினார், இரண்டு கீர்த்தனை பாடினார், நாங்களும் தலையாட்டினோம். பிறகு கச்சேரியின் நடுநாயகமாக, விரிவாகப் பாடுவதற்கென்று, அவர் மத்தியமாவதியை எடுத்தார். எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. விடைபெறுகிற ராகமாக மட்டுமே எல்லாரும் பாடித் தள்ளுகிற அதை, வந்து சேர்ந்ததைச் சொல்லுகிற ராகமாக ஒரு தடவையாவது நிதானமாகப் பாடிவிட வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. கண்ணை மூடிக்கொண்டு முதல் இழுப்பை இழுத்தார். நாங்கள் எழுந்துவிட்டோம். துண்டுகள் உதறப்பட்டன, செருப்புகள் கிடைத்தன, எண்ணெய் சீறியது, அண்ணாச்சி கயிற்றை விட்டார், திரை மூடியது.

திரைக்குப் பின்னால் டீச்சர் கண்ணைத் திறந்து பார்த்தபோது எதிரில் சிவப்புத் துணிதான் இருந்தது. வயலின் வாசித்த பெண் வில்லை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த ராகத்துக்கு மிருதங்கத்தை இன்னும் தட்டியே பார்க்காத ஆவுடையப்பன், "என்னம்மா, முடிஞ்சிட்டா?" என்று கேட்டார். டீச்சர் சண்டைக்காரர் இல்லை. பஸ்ஸில் தன் சீட்டில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று நின்றுகொண்டே போகிறவர். "முடிஞ்சிட்டு போலிருக்கு" என்று சொல்லி எழுந்துகொண்டார். அண்ணாச்சி பொன்னாடையும் பழத்தட்டும் கொடுத்து, சாயங்கால வித்வானின் கார் வந்துவிட்ட அவசரத்தில், "அருமையாப் பாடுனீய தாயி" என்று பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். ஆனால் குரல் எழுந்திருக்கவில்லை. ஆலாபனையை எந்த இடத்தில் விட்டாரோ அந்த இடத்திலிருந்து அது தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

வடை தின்று கையைத் துடைத்துக்கொண்டு சாயங்காலக் கச்சேரிக்குத் திரும்பி வந்தவர்கள்தான் முதலில் கேட்டார்கள். யாரோ பதிவை ஓட விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அண்ணாச்சி மைக்கை நிறுத்தினார், ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினார், கடைசியில் திரையைத் திறந்தார். மேடையில் ஜமக்காளம் மட்டும் விரிந்து கிடக்க, டீச்சர் உட்கார்ந்திருந்த இடத்தில், உட்கார்ந்த ஆளின் வாய் இருக்கிற உயரத்தில், குரல் இருந்தது. பெரிய வித்வான் சென்னைக்காரர், கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். அவர் மேடை ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார்.

"யாரு சார் இது?" என்றார்.

"மத்தியானம் பாடுன டீச்சருங்கய்யா. ஆளு போயிட்டாவ."

"ஓஹோ" என்ற வித்வான், பக்கவாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு, குரல் இருந்த இடத்தை விட்டுவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, சுருதி சேர்த்துப் பாட ஆரம்பித்தார். அவர் பாடத் தொடங்கியதும் குரல், உலை கொதித்தபின் அடுப்பைத் தணிப்பதுபோல, தன்னைத் தணித்துக்கொண்டது. அவருடைய மங்களம் முடிந்ததும் மறுபடி மேலே எழும்பியது. நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தோம்.

மறுநாள் சபாவைப் பூட்டுவதா வேண்டாமா என்று ஒரு பேச்சு வந்தது. உள்ளே ஒருத்தர் பாடிக்கொண்டிருக்கும்போது வெளியே பூட்டுவது மரியாதை இல்லை என்று முடிவாகி, கதவு அன்றிலிருந்து திறந்தே கிடந்தது. திறந்து கிடக்கிற இடத்துக்கு மனிதர்கள் வராமல் இருப்பார்களா? பின்தெருவில் பீடி சுற்றுகிற பெண்கள் முறத்தோடு வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்கள், இலையை நறுக்குகிற கத்தரி தாளம் தப்பாமல் விழுகிறது என்று ஆச்சரியப்படாமல் சொன்னார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். காதர் பாய் தையல் மிஷினையே தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து சன்னலடியில் போட்டார், அந்தப் பங்குனியில் அவர் தைத்த சட்டைகள் மட்டும் யாருக்கும் அக்குளில் இறுக்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம். வரப்புத் தகராறில் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பி ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போனார்கள். மத்தியமாவதி கேட்டால் எங்களுக்குப் பழக்கதோஷத்தில் பசிக்கும் என்பதால் பிரமநாயகத்தின் அடுப்பு காலையிலிருந்து அணையவே இல்லை, ஊரில் எல்லாரும் கொஞ்சம் சதை போட்டார்கள். முதலில் சில நாட்கள் எங்கள் கால்கள் தாமாக எழுந்து வாசலுக்குப் போய்விடும், நாங்கள் போய் அவற்றைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவோம், போகப் போக அவையும் அடங்கிவிட்டன.

எல்லாரையும்விட அதனால் பிழைத்தவள் இசக்கி. பின்தெருவில் பீடி சுற்றுகிறவள், புருஷன் கேரளாவில் வேலைக்குப் போயிருந்தான், கையில் முத்துக்குட்டி என்று ஒரு பிள்ளை. பிறந்ததிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவதைத் தவிர வேறு காரியம் தெரியாத பிள்ளை அது. ஓமத் தண்ணீர், வசம்பு, மந்திரிப்பு, டாக்டர் எதற்கும் அடங்காமல் தெருவையே விழிக்க வைத்த பிள்ளை. இசக்கி அவனைத் தூக்கிக்கொண்டு சபாவுக்குள் நுழைந்த அன்றைக்கு, குரல் ஒரு நீண்ட கார்வையில் நின்றுகொண்டிருந்தது, பிள்ளை அழுகையைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்டான், பிறகு தூங்கினான். இசக்கியும் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். அவளுடைய பங்கு பீடியை அன்று மற்ற பெண்கள் சுற்றினார்கள்.

திருநெல்வேலியிலிருந்து சங்கீதம் அறிந்தவர்கள் வந்து நாள்கணக்கில் கேட்டுவிட்டு, ஒருமுறை பாடிய ஸ்வரப்பிடி திரும்ப வரவில்லை, இது என்ன ஊற்றா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். விழாவுக்கு வந்த மற்றப் பாடகர்கள் மத்தியமாவதியை மட்டும் தொடாமல், கடைசியில் சுருட்டியையோ சௌராஷ்டிரத்தையோ பாடி முடித்துக்கொண்டார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் நாங்கள் கவனிக்கவில்லை. ஆலாபனை போய்க்கொண்டே இருந்ததே தவிர, பாட்டு தொடங்கவில்லை. இதோ தொடங்கப் போகிறது என்கிற இடம்வரை குரல் வரும், கொஞ்சம் பொறுக்கும், பிறகு திரும்பிப் போய் வேறு பக்கமாக வரும்.

அண்ணாச்சி கவனித்தார். அவருக்குத்தான் தெரியும், கயிற்றை விட்ட கை யாருடையது என்று. கடையில் குடத்தைச் சுண்டினால் மத்தியமாவதி கேட்டது, சருவச்சட்டியைச் சுண்டினால் அதுவும் மத்தியமாவதி.

"அந்தப் பொம்பளைக்கு ஒரு தகவல் சொல்லுங்களேன். அவ குரல்லா இங்க கெடக்கு" என்றாள் அவர் மனைவி கோமு.

"சொல்லுதேன், சொல்லுதேன்."

"எப்ப?"

"விழா முடியட்டும். இப்பதான் சபா நெறஞ்சு கெடக்கு. பார்க்கவே எவ்வளவு நல்லாருக்கு."

அதற்கப்புறம் கோமு அவர் இலையில் ரசம் ஊற்றும்போது கரண்டிதான் பேசியது.

பாளையங்கோட்டையில் டீச்சரின் நிலைமை வேறாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. பேச்சு வந்தது, சிரிப்பு வந்தது, வகுப்பில் அதட்டல்கூட வந்தது, பாட்டு மட்டும் வரவில்லை. தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். கொஞ்ச நாள் ஆர்மோனியத்தை வைத்துச் சமாளித்தார். அடுத்த பள்ளி வருஷத்திலிருந்து பாட்டு வகுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, அவரைத் தையல் வகுப்புக்கு மாற்றலாமா என்று தலைமையாசிரியை மிகவும் அன்பாகக் கேட்டார். டீச்சர் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தம்புராவை மீட்டிவிட்டு வாயைத் திறந்து பார்த்தார். சின்ன வயசிலிருந்து அவரோடு இருந்தது அது ஒன்றுதான். அழுதார். அழுகைக்கும் சத்தம் சரியாக வந்ததுதான் அவருக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

ஒரு மாணவியின் அப்பா லாரி ஓட்டுகிறவர், பெண்ணைக் கூப்பிட வந்த இடத்தில் சொன்னார்: "டீச்சர், நீங்க இங்க இருக்கீய. அங்க சிற்றாற்றூர்ல பாடிக்கிட்டும் இருக்கீயளே. நான் நேத்துக்கூட கேட்டுட்டுத்தான வாரேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் எங்கள் சபாவின் வாசலில் வந்து நின்றார். எங்களில் ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அன்றைக்கு நாங்கள் தலையாட்டினோமே தவிர முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய நேரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டல்லவா போனோம்.

இசக்கிதான் முறத்தை நகர்த்தி இடம் கொடுத்தாள். "உக்காருங்கக்கா. ஏன் நிக்கிய?"

டீச்சர் உட்கார்ந்தார். தன் குரலைத் தான் எதிரில் உட்கார்ந்து கேட்கிற வாய்ப்பு எந்தப் பாடகருக்குக் கிடைக்கிறது? பாடும்போது அவர் கேட்பதெல்லாம் அடுத்த பிடி என்ன, மூச்சு போதுமா, முன்வரிசைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறாரா என்பதைத்தான். இப்போது அந்தக் கவலை ஒன்றும் இல்லாமல், யாருடைய குரலையோ கேட்பதுபோல, மில் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். வெயில் சன்னல் மாறியது. டீச்சருக்குச் சந்தோஷமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

"நல்லா பாடுதாவ, இல்லியா?" என்றாள் இசக்கி.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் டீச்சர். "நான் இவ்வளவு நல்லா பாடுவேன்னு எனக்கே தெரியாது."

இசக்கியின் கையிலிருந்த பீடி இலை கீழே விழுந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த அண்ணாச்சி, டீச்சரைக் கண்டதும் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, நான்தான் திரையை மூடுனேன். முடிஞ்சிட்டுன்னு நெனச்சிட்டேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டேன் அண்ணாச்சி" என்றார் டீச்சர். "அந்தக் குரலுக்குத்தான் இன்னும் முடியல."

அன்றைக்குச் சாயங்காலமே சபாவில் ஊர் கூடியது. குரலுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று எல்லாரும் தணிந்த குரலில் பேசினோம், அதனாலேயோ என்னவோ சண்டையும் தணிந்தே நடந்தது. டீச்சர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். கச்சேரி பாதியில் நிற்கிறது. எதிரில் ஆள் உட்கார்ந்து, வேறு வேலை பார்க்காமல், கடைசிவரை கேட்டால் குரல் பாட்டைத் தொடங்கும், முடிக்கும், மங்களத்துக்கு வரும். மங்களம் பாடிவிட்டால் எழுந்து வீட்டுக்கு வரும்.

"அப்ப இங்க இருக்காதா?" என்றார் பிரமநாயகம்.

"இருக்காது."

நாங்கள் நல்லவர்கள்தான், ஆனால் அந்த நிமிஷத்தில் அவ்வளவு நல்லவர்களாக இல்லை. பரீட்சை முடியட்டுமே என்றார் ஒருவர். கோடை கழியட்டுமே என்றார் இன்னொருவர். அவங்க பொருளை அவங்க கேட்கிறாங்க, இதில் பேச என்ன இருக்கிறது என்று காதர் பாய் மட்டும் சொன்னார், சொல்லிவிட்டுத் தன் மிஷினை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

எங்கள் முகங்களையெல்லாம் பார்த்துவிட்டு டீச்சரே இறங்கி வந்தார். "எங்கிட்ட இருந்தா அது பிள்ளைகளுக்கு சரளி வரிசை சொல்லிக்குடுக்கும், வருஷத்துக்கு ஒருக்கா எங்கியாவது மத்தியானக் கச்சேரி பாடும். இங்க இருந்தா இத்தன பேரு கேக்கீய. நான் கேட்டுட்டேன்லா, எனக்குப் போதும். வேணும்னா இங்கேயே இருக்கட்டும்" என்றார். சொல்லும்போது கையால் தொண்டையைத் தடவிக்கொண்டார், காணாமல் போன தாலியைத் தேடுகிற கை மாதிரி இருந்தது அது.

எங்களுக்கு மனசு குளிர்ந்துவிட்டது, வெட்கமில்லாமல். பிரமநாயகம் நன்றி சொல்லவே எழுந்துவிட்டார். அப்போதுதான் இசக்கி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வேண்டாம்க்கா" என்றாள். "நீங்க கொண்டு போயிருங்க."

"ஏளா, ஒம் பிள்ளைக்குத்தான இது முதல்ல வேணும்?" என்றார் அண்ணாச்சி.

"வேணும்தான் அண்ணாச்சி. இவன் தூங்குதான், நானும் தூங்குதேன், இல்லங்கல. ஆனா முழிச்சிருக்கப்ப இவன் என்ன செய்தான் தெரியுமா? சத்தம் எங்கருந்து வருதுன்னு தேடுதான். கூரையைப் பார்க்கான், தூணைப் பார்க்கான், என் மூஞ்சியப் பார்க்கான், நான் பாடலன்னதும் மறுபடி கூரையைப் பார்க்கான். சிரிக்கான், ஆனா யாரைப் பார்த்துச் சிரிக்கன்னு அவனுக்குத் தெரியல. நீங்களுந்தான், நல்லாருக்குன்னு ஆஹா போடுதீய. அந்த ஆஹாவை யாரு வாங்கிக்கிடுதா? ஒருக்கா திரும்பிப் பார்க்கா? தலையாட்டுதா? இத்தன நாளா ஆளில்லாத வீட்டுல சோறு தின்னுட்டு வாரோம் நாம."

எங்களுக்கு அவள் பேரில் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் அந்தக் கோபம் கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றது. பிறகு அண்ணாச்சி எழுந்து, விழாவின் கடைசி நாள் சாயங்காலக் கச்சேரி உலகம்மாள் டீச்சருடையது என்று அறிவித்தார். அதுவரை டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவர் வீட்டிலேயே தங்கினார். கோமு வேப்பம்பூ ரசமும் மாங்காய்ப் பச்சடியும் செய்துபோட்டாள். டீச்சர் தினமும் காலையில் வந்து எங்களோடு உட்கார்ந்து கேட்டார், பீடி சுற்றக் கற்றுக்கொண்டார், இசக்கி குளிக்கப் போகும்போது பிள்ளையை வைத்துக்கொண்டார். போகப் போகிறது என்று தெரிந்ததனாலோ என்னவோ அந்த நாட்களில் நாங்கள் இன்னும் நன்றாகக் கேட்டோம். அவ்வளவு நிம்மதியான நாட்கள் ஊருக்கு அதற்கு முன்னால் வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

கடைசி நாளும் வந்தது. முறங்களும் புத்தகங்களும் வீட்டில் வைக்கப்பட்டன, தையல் மிஷின் கடைக்குத் திரும்பியது, பிரமநாயகம் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இசக்கிக்கு முதல் வரிசையில் இடம் விட்டோம். வயலின் பெண்ணும் ஆவுடையப்பனும் வந்திருந்தார்கள். டீச்சர் மேடைக்குப் போய், ஒரு மாதமாகக் குரல் உட்கார்ந்திருந்த இடத்தில், அதன் மேலேயே உட்கார்ந்தார். இப்போது குரல் அவர் வாய் இருக்கிற இடத்திலிருந்து வந்தது. உதடு மட்டும் அசையவில்லை.

நாங்கள் கேட்டோம். கையில் ஒன்றும் இல்லாமல், மடியில் கையை வைத்துக்கொண்டு, கேட்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாமல் கேட்டோம். எதிரில் ஆள் இருப்பதைக் குரல் தெரிந்துகொண்டதுபோல இருந்தது. வழக்கமாகத் திரும்பிப் போகிற இடத்துக்கு வந்தது, பொறுத்தது, திரும்பாமல் உள்ளே நுழைந்து பாட்டைத் தொடங்கியது. வயலின் கூடவே போனது, மிருதங்கம் முதல் அடியை அடித்தது, ஆவுடையப்பன் ஒரு மாதமாக வைத்திருந்த அடி அது, தகரக் கூரை அதிர்ந்தது. மிருதங்கத்தைத் தனியாக வாசிக்க விட்ட நேரத்தில் வழக்கமாக வெற்றிலை போட எழுந்து போகிறவர்களும் போகவில்லை. அது முடிந்ததும் பழைய பண்ணில் ஒரு தேவாரம் வந்தது, எங்கள் பாட்டன்மார் காலத்துக்கும் முந்திய பண், கேட்கக் கேட்க ஊரில் செத்துப்போனவர்களெல்லாம் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தோம், சிலர் வந்துதான் இருந்தார்கள், அவர்களும் எழுந்து போகிற மாதிரி இல்லை.

பிறகு மங்களம். முதல் அடியைக் குரல் பாடியது. இரண்டாவது அடியைப் பாடியது. கடைசி அடிக்கு முன்னால் நின்றுவிட்டது.

அந்தப் பங்குனியில் எங்கள் சபாவுக்குள் முதல் தடவையாகச் சத்தமே இல்லை. தம்புராகூடத் தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. டீச்சர் வாயைத் திறந்தார். அண்ணாச்சி கும்பிடுவதற்காகத் தூக்கிய கையைப் பாதியில் வைத்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் இருமினார்.

நல்ல இருமல், நெஞ்சிலிருந்து வந்த முரட்டு இருமல். ஒரு மாதத்தில் அந்தக் குரல் ஒருமுறைகூட இருமியதில்லை, தொண்டையைச் செருமியதில்லை, தண்ணீர் கேட்டதில்லை. எங்களுக்குப் புரிந்துவிட்டது, உடம்புக்குள் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் சந்தோஷப்படுவதற்குள் முத்துக்குட்டி திடுக்கிட்டு விழித்து, பழைய அழுகையை, தெருவையே விழிக்க வைத்த அந்த அழுகையை, சபாவுக்குள்ளே முதல் தடவையாக முழுசாக அழுதான். இசக்கி பதறிப்போய் வெளியே கொண்டுபோக எழுந்தாள்.

"ஏளா, உக்காரு" என்றார் டீச்சர் மேடையிலிருந்து. "எங்கயும் போகாத. இங்கனதான் இருக்கேன்."

பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்தார். நாங்கள் காத்திருந்தோம். பிறகு, பாடகர்கள் வழக்கமாகப் பார்க்கிற பின்சுவரைப் பார்க்காமல், கண்ணையும் மூடிக்கொள்ளாமல், முதல் வரிசையில் அழுகிற பிள்ளையைப் பார்த்து, மங்களத்தின் கடைசி அடியைப் பாடினார். குரல் கரகரவென்றுதான் இருந்தது, நடுவில் ஓர் இடத்தில் பிசிறும் தட்டியது.

பிள்ளை அழுகையை நிறுத்தினான். கூரையைப் பார்த்தான். தூணைப் பார்த்தான். பிறகு மேடையைப் பார்த்தான், அசைகிற உதட்டைப் பார்த்தான், பிடித்திருந்த இசக்கியின் முடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் மேடைப் பக்கமாக நீட்டிக்கொண்டு சிரித்தான். டீச்சர் பாடிக்கொண்டே திரும்பச் சிரித்தார்.